ஊட்டிக் குளிரும் 45 யூனிட் பேட்டரியும்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். ஆறு மாதம் முன்பு 45 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட மின்சாரக் கார் வாங்கினேன். இதுவரை ஊருக்குள்ளும் இரண்டு முறை சென்னைக்கும் ஓட்டியதோடு சரி. மார்கழிக் கடைசியில் நான், மனைவி, மகள், பேத்தி நால்வரும் ஊட்டிக்குப் போக ஆசை. டொரன்டோவில் இருக்கும் மகனோ, "குளிரில் பேட்டரி பாதி தூரம்தான் ஓடும், மலையில் மாட்டிக்கொள்வீர்கள், வாடகைக்கு டீசல் கார் எடுங்கள்" என்கிறான். போகலாமா, கூடாதா?

பதில்: தாராளமாகப் போகலாம் ஐயா. சத்துவாச்சாரியிலிருந்து இரண்டு குளிர்காலங்களில் இதே அளவு பேட்டரி உள்ள காரில் ஊட்டிக்குப் போய் வந்திருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் போகும் வழியெல்லாம் பேட்டரிச் சதவீதத்தை நோட்டில் எழுதுவது என் வழக்கம். என் மனைவிக்கு அது பிடிக்காது. ஆனால் அந்த நோட்டை வைத்துத்தான் இப்போது உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் மகன் சொல்வது அவர் ஊருக்கு உண்மை. டொரன்டோவில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி என்று இறங்கும் நாட்களில் மின்சாரக் கார்கள் மூன்றில் ஒரு பங்கு தூரத்தையோ அதற்கும் மேலாகவோ இழப்பது உண்டு. ஆனால் அந்த இழப்பில் பெரும்பகுதி பேட்டரியின் பலவீனத்தால் வருவதில்லை. கார் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைச் சூடாக வைத்திருக்கத்தான் அது செலவாகிறது. பெட்ரோல் காரில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாக வீணாகிறது. வீணாகும் அந்த வெப்பத்தை உள்ளே திருப்பிவிட்டால் இலவச ஹீட்டர். மின்சார மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. ஆகவே ஹீட்டருக்குத் தேவையான ஒவ்வொரு யூனிட்டும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். சிக்கனமாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை இது. அப்படியும் நார்வே போன்ற பனி நாட்டில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஏறக்குறைய 9 மின்சாரக் கார்கள். குளிர் ஒரு தடை என்றால் அவர்கள்தான் முதலில் கைவிட்டிருக்க வேண்டும்.

பேட்டரிக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் வராது. பாட்டிலில் இருந்த எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, ஊற்ற வரவில்லை, அவ்வளவுதான். லித்தியம் பேட்டரியும் கிட்டத்தட்ட இப்படித்தான். குளிரில் உள்ளே இருக்கும் திரவத்தில் அயனிகள் மெதுவாக நகரும், உள்தடை கூடும். அதனால் காலையில் திரையில் தெரியும் கிலோமீட்டர் குறைந்து நிற்கும். ஓட்டத் தொடங்கி பேட்டரி சூடேறினால் அதில் ஒரு பகுதி திரும்பி வரும். சார்ஜ் ஏற்றுவது மட்டும் கொஞ்சம் வேறு சங்கதி. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதைத் தடுக்க காரின் மேலாண்மை அமைப்பே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, நேரம்தான் கூடும்.

இப்போது நம் ஊர்க் குளிருக்கு வருவோம். வேலூரில் மார்கழி விடியற்காலையில் 17, 18 டிகிரி. நாம் குல்லாயும் மஃப்ளரும் தேடுவோம், பேட்டரிக்கோ அது சுகமான காலம். ஏசிக்கு அதிகம் செலவாகாது. சொல்லப்போனால் நம் ஊரில் பேட்டரிக்கு எமன் அக்னி நட்சத்திர வெயில்தான். நூறு சதவீதம் ஏற்றிய காரைச் சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைப்பவர்கள் மார்கழிக் குளிருக்குப் பயப்படுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் பயணத்தில் மெய்யான குளிர் என்பது ஊட்டியில் கழிக்கும் இரவும் மறுநாள் காலையும்தான். அங்கே தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் உறைபனி விழும், புல்வெளி உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். அந்தச் சில மணி நேரத்தைச் சமாளிப்பது எளிது. நீங்கள் உண்மையில் கணக்குப் போட வேண்டியது வேகத்துக்கும் ஏற்றத்துக்கும்.

கணக்கை யூனிட்டில் போடுங்கள். கிலோவாட் மணி என்பதும் மின் அட்டையில் வரும் யூனிட் என்பதும் ஒன்றேதான். உங்களிடம் 45 யூனிட் இருக்கிறது. நால்வரும் பெட்டிகளும் ஏறி நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போனால் என் காருக்கு 100 கி.மீ.க்குச் சுமார் 15 யூனிட் ஆகிறது. அதாவது முழுச் சார்ஜில் 300 கி.மீ. விளம்பரத்தில் சொன்ன எண்ணை மறந்துவிடுங்கள், அது சோதனைக் கூடத்தில் எடுத்தது. 110இல் மிதித்தால் இதே கார் கால்வாசி கூடுதலாகக் குடிக்கும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் சாலை அகலமாகக் கிடக்கும், கால் தானாக அழுத்தும். டொரன்டோ குளிர் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கால் செய்துவிடும்.

ஏற்றத்துக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறேன். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள காரை 100 மீட்டர் உயரம் தூக்க அரை யூனிட் வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் வரும் கணக்குதான், புதிதாக ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆக 1,900 மீட்டர் ஏற வேண்டும், அதற்கு மட்டும் 9 முதல் 10 யூனிட். குன்னூர் வழியாக 50 கி.மீ. சாலையில் உருள்வதற்கு 4, 5 யூனிட். மேலே போகப்போக ஹீட்டர் போட்டால் இன்னும் ஒன்றிரண்டு. மொத்தம் 16 யூனிட், உங்கள் பேட்டரியில் 35 சதவீதம். இந்த 35ஐ நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் 40 சதவீதத்தோடு "50 கி.மீ.தானே" என்று ஏறத் தொடங்குபவர்கள்தான் குன்னூரில் முகம் வெளுத்து நிற்கிறார்கள்.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குப் போய் வாருங்கள். பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டிச் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் என்று பெயர்ப் பலகை. பேத்தியைப் படிக்கச் சொன்னால் வாந்தி வராமல் மேலே போய்விடலாம். மேலே போனதும் மறுபடியும் குறித்துக்கொள்ளுங்கள். நால்வரோடு போனபோது என் காரில் 11 சதவீதம் இறங்கியது. ஏற்றம் ஏறக்குறைய 650, 700 மீட்டர். ஊட்டி ஏற்றம் இதில் இரண்டே முக்கால் மடங்கு, சாலை நீளமும் கூட. கணக்கு 35க்குப் பக்கத்தில் வந்து நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். உங்களுக்கு 14 சதவீதம் இறங்கினால் ஊட்டிக்கு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது திரையைப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமல், ரீஜென் என்று சொல்லும் மீட்பு பிரேக்கிலேயே இறங்கினால் சதவீதம் ஒன்றிரண்டு ஏறும். பேத்திக்கு அது வேடிக்கை, உங்களுக்குப் பழக்கம்.

இனி வழி. வேலூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம், ஊட்டி என்று போனால் சுமார் 440 கி.மீ. வாணியம்பாடியில் திரும்பி திருப்பத்தூர், ஊத்தங்கரை வழியாகச் சேலம் போனால் தூரம் குறையும். நான் கிருஷ்ணகிரி வழியைத்தான் சொல்வேன். ஒரு சார்ஜர் கை கொடுக்காவிட்டால் பக்கத்தில் இன்னொன்று கிடைப்பது பெரிய நெடுஞ்சாலையில்தான். வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். மார்கழியில் கிருஷ்ணகிரிப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டம் சாலையை மூடிவிடும் என்பதால் மூன்று மணிக்கு எழுந்து ஓடும் பழைய வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள். ஆறரைக்குக் கிளம்பினால் போதும்.

ஆம்பூரில் நிற்காதீர்கள், அதாவது சார்ஜுக்காக நிற்காதீர்கள். 50 கி.மீ.தான் ஓடியிருப்பீர்கள், பேட்டரி ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் வேக சார்ஜர் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றும். காலியாக வருபவனுக்குத்தான் வேகம் கிடைக்கும், திருமணப் பந்தியில் பசியோடு உட்கார்ந்தவன் போல. பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

சேலம் 230 கி.மீ. அங்கே 20 சதவீதம் சொச்சத்தோடு போய்ச் சேர்வீர்கள். மதியச் சாப்பாடு அங்கேதான். 60 கிலோவாட் சார்ஜரில் 85 வரை ஏற்ற முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்தால் சரியாக இருக்கும். பிறகு மேட்டுப்பாளையம் 160 கி.மீ., அங்கே மீதி 30க்கு மேல் இருக்கும். அந்த 35 சதவீதக் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? மலையேறும் முன் அங்கே 75 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஊட்டியில் 40 சதவீதத்தோடு நிற்பீர்கள். 2024 மே முதல் நீலகிரிக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

சார்ஜர்களைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. முதல் பயணத்தில் நெடுஞ்சாலையோர ஓட்டல் ஒன்றின் சார்ஜரைச் செயலியில் பார்த்து, பச்சைக் குறி இருக்கிறதே என்று நம்பி 14 சதவீதத்தோடு போய் நின்றேன். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது, மின்சாரம்தான் இல்லை. ஓட்டலுக்கு ஜெனரேட்டர் ஓடியது, கிரைண்டர் சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. சார்ஜரை மட்டும் ஜெனரேட்டரோடு இணைக்கவில்லை. ஒரு மணி நாற்பது நிமிடம், நான்கு டீ. அன்றிலிருந்து எந்தச் சார்ஜருக்கும் 50 கி.மீ. முன்பே போன் செய்து, "இப்போது கரண்ட் இருக்கிறதா? வேறு வண்டி நிற்கிறதா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் திட்டம் போடுவதில்லை. இரண்டு மூன்று நிறுவனங்களின் செயலிகளை முன்பே இறக்கி, பணமும் போட்டு வையுங்கள். ஒரு கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி எதிர்பார்த்து நிற்பது போன்ற கொடுமை வேறில்லை.

ஊட்டியில் தங்கும் இடம்தான் பயணத்தின் உயிர்நாடி. அறை பதிவு செய்யும்போதே 15 ஆம்பியர் பிளக் வண்டி நிற்கும் இடத்துக்கு எட்டுமா என்று கேளுங்கள். "இருக்கிறது சார்" என்ற பதிலை மட்டும் நம்பாதீர்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். நான் தங்கிய விடுதியில் பிளக் இருந்தது. காரோடு வந்த சார்ஜரைச் செருகினேன், சிவப்பு விளக்கு. வேறு பிளக்கில் போட்டேன், அங்கும் சிவப்பு. அதற்குப் பொருள் எர்த் இல்லை என்பது. விடுதியின் எலக்ட்ரீஷியன் தம்பி, "கீசர் இதே பிளக்கில்தான் சார் ஓடுகிறது" என்றான். அவனைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் பச்சை ஒயர் சுருட்டி மடித்துவிடப்பட்டிருந்தது, எதிலும் மாட்டவில்லை. அந்தக் கீசரில் எத்தனை பேர் குளித்தார்களோ! தம்பி ஒயரை மாட்டினான், விளக்கு பச்சையானது. எர்த் இல்லாத பிளக்கைக் கார் மறுப்பது குறையல்ல. சிவப்பைக் காட்டினால் அதை ஏமாற்றும் அடாப்டர்களைத் தேடாதீர்கள். கிளம்பும் முன் மூன்று விளக்கு உள்ள பிளக் சோதனைக் கருவி ஒன்றை மின்சாதனக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான்.

போய் இறங்கியதுமே சார்ஜில் போடுங்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் குளிரூரில் எல்லோரும் செய்யும் தவறு. மலையேறி வந்த பேட்டரி அப்போது கதகதப்பாக இருக்கும், மின்சாரத்தை மறுக்காமல் வாங்கும். 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் ஒரே இரவில் முழுக்கக் குளிர்ந்துவிடாது, சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் மெதுவாகத்தான் ஆறும். சாதாரணப் பிளக்கில் ஒன்பது மணி நேரத்தில் 24, 25 யூனிட் ஏறிவிடும். மறுநாள் காலையில் 90க்கு மேல் இருக்கும்.

ஆனால் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 85இல் நிறுத்திவிடுங்கள். காரில் அந்த வரம்பை வைக்க வழி இருக்கும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற முடியாது. பேட்டரி நூறில் இருந்தால் மீட்பு பிரேக் வேலை செய்யாது, குளிர்ந்த பேட்டரியிலும் அது பலவீனமாகவே இருக்கும். அப்போது மேட்டுப்பாளையம் வரை இறங்கும் பாரமெல்லாம் சாதாரணப் பிரேக்கின் தலையில் விழும், பிரேக் சூடேறி வாடை வரும். 85இல் கிளம்பினால் கீழே வரும்போது 90க்கும் மேல் ஏறி நிற்கும். எனக்கு ஒருமுறை 8 சதவீதம் கூடியது. காலை எட்டு மணிக்கு முன் இறங்காதீர்கள், பனிமூட்டமும் ஈரச் சாலையும் சேர்ந்திருக்கும்.

ஹீட்டருக்குக் கஞ்சத்தனம் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம். சார்ஜில் இருக்கும்போதே கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஹீட்டரைப் போட்டுவிட்டால், சூடேற்றும் முதல் செலவு விடுதி மின்சாரத்தில் போய்விடும். பிறகு 20, 21 டிகிரியில் வைத்தால் போதும். பின்னால் உட்காரும் பெண்களுக்கு ஆளுக்கொரு சால்வை. கண்ணாடியில் ஆவி படிந்தால் மட்டும் யோசிக்காமல் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. குளிரில் காற்றழுத்தம் குறையும், ஊட்டியில் ஏற்ற வேண்டும் என்று பலர் சொல்வார்கள். வேலூரின் 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ வைத்த டயர் 3 டிகிரிக்குப் போனால் நான்கு பிஎஸ்ஐக்கு மேல் குறைய வேண்டும், உண்மைதான். ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைகிறது, அதனால் மீட்டர் மூன்று பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலே கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. என் மீட்டர் அங்கே 32 காட்டியது. ஆகவே வீட்டிலேயே சரியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், மேலே தொட வேண்டாம்.

எல்லோரும் பெரிய பேட்டரியைப் பற்றியே பேசுவார்கள், என்னைக் கவிழ்த்தது சின்னதுதான். மின்சாரக் காரிலும் பழைய கார்களைப் போல 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, திரை, காரை எழுப்பும் ரிலே எல்லாம் அதில்தான் ஓடும். இரண்டாவது பயணத்தில் முன்கண்ணாடிக் கேமராவை நிறுத்தாமல் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் சாவியை அழுத்தினால் மூச்சே இல்லை. பெரிய பேட்டரியில் 35 யூனிட் இருக்கிறது, கதவு திறக்கவில்லை! சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்து, டாக்சி ஓட்டுநர் ஒருவரிடம் கெஞ்சி, ஒயர் போட்டு எழுப்பினேன். அவர் டீசல் வண்டிக்காரர், சிரித்துக்கொண்டே உதவினார். உங்கள் கார் புதிது, பயமில்லை. இருந்தாலும் கேமராவைப் பிடுங்கிவிடுங்கள், ஜம்பர் ஒயர் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் சார்ஜுக்கு நிற்கத் தேவையே இருக்காது, சேலத்தில் நின்று முழுக்க ஏற்றிக்கொண்டால் போதும். தொப்பூர் கணவாய் இந்தப் பக்கமாக வரும்போது ஏற்றம், ஆனால் சேலத்துக்கும் தருமபுரிக்கும் உள்ள உயர வித்தியாசம் 200 மீட்டர் அளவுதான், நம் சூத்திரப்படி ஒரு யூனிட். அங்கே லாரிகளிடம்தான் கவனம் தேவை. கிருஷ்ணகிரி தாண்டியதும் வேலூர் வரை மொத்தத்தில் இறக்கம், சதவீதம் எதிர்பார்த்ததைவிட மெதுவாகக் குறையும். ஆம்பூருக்கு இரவு எட்டு மணி வாக்கில் வருவீர்கள். அப்போது பிரியாணிக்கு நில்லுங்கள், பக்கத்தில் சார்ஜர் இருக்கிறதா என்று பார்க்காமலே. ஏலகிரியில் உங்கள் காருக்கு எத்தனை சதவீதம் இறங்கியது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள், நோட்டில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.